மறுநாள் உபவாசம் வேண்டாம்: மனக்கஷ்டத்தில் அளவு மீறிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாண வீட்டில் போளியும் பால்பாயசமும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டவருக்காக இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொஞ்சம் கூடிப்போய்த் திண்ணையில் சாய்ந்தவருக்காகவும் இல்லை. அது விருந்து, மறுநாள் தானாகச் சரியாகிவிடும். எல்லாரும் உறங்கின பிறகு அடுக்களை லைட்டைக்கூடப் போடாமல் டப்பாவைத் திறக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நின்றுகொண்டே, ருசி தெரியாமல், வேகவேகமாகச் சாப்பிட்டு, வயிறு வலிக்கத் தொடங்கிய பிறகும் கையை நிறுத்த முடியாதவர்கள். காலிப் பாக்கெட்டைக் குப்பையின் அடியில் தள்ளி மறைத்துவிட்டு, அப்புறம் ஜெபமாலையைத் தொடவே கூச்சப்படுகிறவர்கள்.

பங்கில் சில வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலில் நின்று இதைச் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். ஆண்களுக்கும் இது உண்டு, அவர்கள் இன்னும் தாமதமாகச் சொல்வார்கள். கணவர் கல்ஃபில், பிள்ளைகள் சென்னையில், பெரிய வீட்டில் ஒற்றை ஆள் என்பது எங்கள் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் சாதாரணம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் வாரக்கணக்கில் கரை திரும்பாமல் இருக்கும்போது வீட்டில் இருப்பவர்களின் இரவுகள் எப்படிக் கழியும் என்பதை, 2017 ஓகி புயலுக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பயத்தையும் துக்கத்தையும் வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லாதபோது அது சாப்பாட்டுத் தட்டில் வந்து இறங்குகிறது.

மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தபோது போசனப்பிரியமும் அதில் ஒன்றாக இருந்தது. இன்னொரு பக்கம், கட்டுப்பாடு இழந்து அளவு மீறிச் சாப்பிடுவதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் வகைப்பாட்டில் தனி நோயாகச் சேர்த்தது. வாரத்தில் ஒரு தடவையாவது, 3 மாதம் தொடர்ந்து இப்படி நடந்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கணக்கில் எடுப்பார்கள். எனக்கு இரண்டு பார்வையும் வேண்டும். பாவம் என்று மட்டும் பார்த்தால் வெட்கம்தான் மிஞ்சும். நோய் என்று மட்டும் பார்த்தால் உள்ளே இருக்கிற தாகத்தை யாரும் கேட்காமலே போய்விடுவார்கள்.

முதல் படி: உடம்பைப் பார்த்துவிடுங்கள்

ஜெபத்துக்கும் மனப் பயிற்சிக்கும் போகும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை, தைராய்டு இரண்டும் கட்டாயம். சர்க்கரைக்கான சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை ரொம்பத் தாழ்த்திவிட்டால் கை நடுங்கி, வியர்த்து, அடங்காத பசி வரும். அந்தப் பசியை மனப்பசி என்று நினைத்து அடக்கி உட்காரக் கூடாது. உடனே ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டு, மருந்தின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். வீஸிங்குக்கும் மூட்டு நோய்க்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரைகள் பசியைக் கூட்டும். மனநோய்க்கான சில மருந்துகளும் அப்படித்தான். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தர வழி இருக்கும்.

உறக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும். இரவு ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டு, விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு நாள் முழுக்கப் பசிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாம் படி: பரிகாரத்தை நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பிடிக்க முடியும் என்றால் இதைப் பிடியுங்கள்.

நடப்பது இதுதான். ராத்திரி அளவு மீறிச் சாப்பிடுகிறோம். காலையில் வெட்கம். "இன்றைக்கு உபவாசம்" என்று ஆண்டவருக்கு ஒரு பொருத்தனை. காலைச் சாப்பாடு இல்லை. மத்தியானம் ஒரு சாயாவோடு சரி. சாயங்காலம் நான்கு மணிக்குத் தலை சுற்றும், எரிச்சல் வரும், பிள்ளைகளிடம் கத்துவோம். ராத்திரி ஒரு வாய் எடுத்ததும் உடம்பு காலையிலிருந்து விட்டதை எல்லாம் சேர்த்துக் கேட்கும். மறுபடி அதே டப்பா, அதே வெட்கம், அடுத்த நாள் இன்னும் கடுமையான உபவாசம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது பக்தியாகத் தெரியும். உள்ளே அந்த உபவாசமே அடுத்த ராத்திரியின் வெறிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும். பட்டினி கிடந்தால் அளவு மீறிச் சாப்பிடும் உந்துதல் கூடுகிறது என்பதால்தான், இந்த நோய்க்குச் சிகிச்சை கொடுக்கிறவர்கள் முதலில் நேரத்துக்குச் சாப்பிட வைக்கிறார்கள். டயட் எல்லாம் அதற்கு அப்புறம்தான், சிலருக்கு அதுவும் தேவைப்படாது.

நம் ஊரில் உபவாசத்துக்குக் குறைவே இல்லை. தவக்காலம் 40 நாள், சபரிமலைக்கு 41 நாள் விரதம், ரமலான் மாத நோன்பு, மகாசிவராத்திரியில் பன்னிரு சிவாலயங்களுக்கும் ஓடுகிறவர்களின் விரதம். இவை பெரியவை, தலைமுறைகளைத் தாங்கியவை. ஆனால் அளவு மீறிச் சாப்பிடும் பிரச்சினை இப்போது உங்களைப் பிடித்திருந்தால், முழு நாள் பட்டினி இருக்கும் விரதம் உங்களுக்கு இந்த வருஷம் ஆகாது. இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்கு ஒருசந்தி நோன்பு கடமையாக இருப்பதே திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான். அதுவும் 18 முதல் 59 வயது வரை, அன்றைக்கும் ஒரு முழுச் சாப்பாடு உண்டு, நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் பங்குத்தந்தையிடம் "எனக்கு இப்படி ஒரு சுகக்கேடு இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். மற்ற சபைகளில் இருப்பவர்கள் உங்கள் போதகரிடமும், மற்ற மதத்தார் உங்கள் பெரியவர்களிடமும் கேளுங்கள். நோயாளியை வருத்தச் சொல்லும் மார்க்கம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

உபவாசம் இருந்தே ஆக வேண்டும் என்று மனசு துடித்தால் உணவை விட்டுவிட்டு வேறொன்றில் இருங்கள். ஒரு நாள் சீரியல் வேண்டாம். ஒரு நாள் யாருடைய உடம்பைப் பற்றியும் பேச வேண்டாம், உங்கள் உடம்பையும் சேர்த்துத்தான். இரண்டாவது, பட்டினியைவிடக் கஷ்டம்.

எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். பயந்து ஓடி, பாலைவனத்தில் ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, செத்தால் போதும் என்று கேட்ட ஆள். அவருக்கு அன்றைக்கு ஒரு கண்டிப்பும் வரவில்லை. தூதர் அவரைத் தட்டி எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டு மறுபடி உறங்கவிட்டார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். ஆண்டவர் அவரிடம் பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். மனம் ஒடிந்த ஒருவருக்குக் கடவுள் செய்த முதல் வேலை நேரத்துக்குச் சோறும் உறக்கமும் கொடுத்தது. ராத்திரி தவறிவிட்டு விடியற்காலையில் வெறும் வயிற்றோடு முழங்காலில் நிற்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

மூன்றாம் படி: கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்

பசிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பழக்கம் முற்றினவர்களுக்குப் பசியும் நிறைவும் கொஞ்ச காலத்துக்குச் சரியாகத் தெரியாது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு தீனி, எந்த இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் அடுக்களையிலேயே அதற்கு எல்லாம் இருக்கிறது. காலையில் புட்டும் பயறும், அல்லது இட்லி, அல்லது கஞ்சியும் பயறும் துவையலும். மத்தியானம் சோறு, சாளையோ நெத்திலியோ ஒரு மீன்கறி, அவியல். சோற்றைப் பயந்து ஒதுக்காதீர்கள். மத்தியானம் சோற்றை விட்டவர் ராத்திரி மிக்சரில் போய் விழுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் சாயாவோடு அவித்த ஏத்தன்பழம் ஒன்று, அல்லது ஒரு கை வறுத்த கடலை. இந்த நாலு மணித் தீனியை யாரும் லேசாக எடுக்காதீர்கள், ராத்திரிக்கு அதுதான் காவல். அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை செய்கிறவர்கள், பஸ்ஸில் நாகர்கோவில் போய் வருகிறவர்கள் ஒரு சின்ன டப்பாவில் கையோடு கொண்டுபோங்கள். பால் வெட்டுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் கட்டன் சாயாவோடு நிறுத்தாமல் இரண்டு மட்டிப்பழமாவது சாப்பிடுங்கள்.

தட்டில் பரிமாறி, உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடம் வரை ஆகும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு "நிறையவில்லை" என்றால் வயிற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

அளவை எப்போது தீர்மானிப்பது? கோட்டாறு சவேரியாரை நமக்கெல்லாம் தெரியும். அவருடைய தோழர், இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் சாப்பாட்டைப் பற்றிச் சில ஒழுங்குகள் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒன்று: சாப்பிட்டு முடித்து, பசி இல்லாமல் இருக்கிற நேரத்தில், அடுத்த வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவது என்று தீர்மானித்துவிடு. நல்ல புத்தி. மத்தியானம் கை கழுவும்போதே ராத்திரிக்கு எத்தனை தோசை என்று முடிவு செய்துவிட்டால், அசந்துபோன நேரத்தில் சட்டியின் முன்னால் நின்று பேரம் பேச வேண்டியதில்லை. ஒரு சேர்க்கை மட்டும்: நீங்கள் தீர்மானிக்கும் அளவு போதுமான அளவாக இருக்கட்டும், தண்டனை அளவாக வேண்டாம். பசியோடு படுக்கப் போனால் ராத்திரி எழுந்து நடப்பீர்கள்.

எடை மெஷினை மூன்று மாதம் அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிடுங்கள். தினமும் அதில் ஏறுவது வெட்கத்துக்குத் தீனி போடும் வேலை.

நான்காம் படி: ஒரு நோட்டு

பிள்ளைகளின் பழைய நோட்டு போதும். கலோரி வேண்டாம். நேரம், என்ன சாப்பிட்டேன், எங்கே, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது. நான்கு விஷயம், அவ்வளவுதான். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

காலை 8.15. மேஜை. புட்டு ஒரு குற்றி, பயறு. ஒன்றும் விசேஷமில்லை.

மத்தியானம் 1.30. மேஜை. சோறு, அயிலைக் கறி, கீரை.

சாயங்காலம்: சாப்பிடவில்லை. பேங்குக்குப் போயிருந்தேன்.

இரவு 10.40. அடுக்களை, நின்றுகொண்டு. ஏத்தங்காய் சிப்ஸ் அரைப் பாக்கெட், பிறகு மத்தியானச் சோறு மிச்சம், பிறகு சீனி. அவர் போன் பண்ணி, லீவு பாஸாகவில்லை, கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்றார். "சரி, பரவாயில்லை" என்று வைத்துவிட்டேன்.

இதை ஒரு தடவை வாசித்தாலே தெரியும். சாயங்காலத் தீனி விட்டுப்போயிருக்கிறது, அது உடம்பின் பாகம். "பரவாயில்லை" என்று சொல்லி விழுங்கினது மனசின் பாகம். பரவாயில்லாமல் இல்லையே! அழுதிருக்க வேண்டும், அல்லது "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். வாய் அந்த இரண்டையும் செய்யாமல் மூன்றாவது ஒன்றைச் செய்தது.

இரண்டு வாரம் எழுதினால் உங்களுடைய வழக்கம் உங்களுக்கே பிடிபடும். சிலருக்கு அது மாமியாரிடம் காட்ட முடியாத கோபம். சிலருக்கு வேலை முடிந்த அலுப்பு, "நாள் முழுக்க எல்லாருக்கும் செய்தேன், இது ஒன்றுதான் எனக்கு" என்கிற நினைப்பு. சிலருக்கு இறந்துபோனவரின் ஆண்டு நினைவு நெருங்கும் வாரத்தில் மட்டும் வரும். ஒவ்வொன்றும் கேட்பது வேறு. அலுப்பு கேட்பது உறக்கம், கோபம் கேட்பது பேச்சு, துக்கம் கேட்பது துணை. எதற்கும் சிப்ஸைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அவ்வளவுதான்.

எழுதிய நோட்டை வைத்து உங்களை நீங்களே அடிக்காதீர்கள். ராத்திரி ஆன்ம சோதனை செய்கிறவர்கள் அதே நேரத்தில் இதையும் திறந்து வைத்து, முதலில் நன்றி சொல்ல ஒன்றைத் தேடி, பிறகு மற்றதைப் பார்க்கலாம். அந்த வரிசை முக்கியம்.

ஐந்தாம் படி: ஆசை கிளம்பும்போது

அந்த வேகம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். கேள்வி அந்த அரை மணியை எங்கே கழிப்பது என்பதுதான்.

அடுக்களையில் கழிக்காதீர்கள். வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். சூடாக ஒரு தம்ளர் சீரக வெள்ளம் எடுத்துக்கொண்டு வராந்தாவில் உட்காருங்கள். நேரத்தைப் பாருங்கள். "சாப்பிடவே கூடாது" என்று சபதம் போட வேண்டாம், "20 நிமிடம் கழித்து முடிவு செய்கிறேன்" என்பது போதும். இடையில் நெஞ்சிலா, தொண்டையிலா, வயிற்றிலா எங்கே பிடித்து இழுக்கிறது என்று கவனியுங்கள். வயிற்றில் மெதுவாகக் கூடிவரும் பசிக்குப் பழைய சோறும் போதும். சட்டென்று வந்து "மிக்சர்தான் வேண்டும்" என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் பசி இல்லை.

இப்போது ஜெபம். "ஆண்டவரே, இந்தச் சோதனையை எடுத்துப்போடும்" என்று சாப்பாட்டைப் பற்றியே ஜெபித்தால் மனசு சாப்பாட்டையே சுற்றும். இன்றைக்கு வலித்ததைச் சொல்லுங்கள். "அவர் வரமாட்டார் என்றார், எனக்கு அழுகை வருகிறது, இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது." அலங்காரம் ஒன்றும் வேண்டாம். வார்த்தை வரவில்லை என்றால் ஜெபமாலையில் ஒரு பத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு மூச்சு. நாமஜெபம் சொல்கிறவர்கள் அதைச் சொல்லுங்கள்.

20 நிமிடம் ஆன பிறகும் சாப்பிடத் தோன்றினால், தட்டில் எடுத்து, லைட்டைப் போட்டு, மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதுவும் முன்னேற்றம்தான். இருட்டில் நின்று சாப்பிட்டதற்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

ஆறாம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள்

ஒரே ஒருவர் போதும், ஆனால் ஒருவர் கட்டாயம் வேண்டும். மறைத்து வைத்திருக்கும் வரை இது வளரும். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம்: கோவில் வாசலில் "தடிச்சிட்டியே" என்று சொல்லி வரவேற்கிறவர் வேண்டாம். உடனே டயட் சார்ட் அனுப்புகிறவரும் வேண்டாம்.

எப்படித் தொடங்குவது என்றுதான் பலரும் தவிக்கிறார்கள். மைனியிடம், அதாவது அண்ணியிடம், என்றால் இவ்வளவு போதும்:

"மைனி, ஒரு காரியம் சொல்லணும், யாருட்டயும் சொல்லாண்டாம். ராத்திரி எல்லாரும் உறங்கின பொறவு நான் எடுத்துத் தின்னுறேன். நிறுத்த முடியல. நீங்க புத்தி ஒண்ணும் சொல்லாண்டாம். நான் மெசேஜ் போட்டா ஒரு போன் பண்ணுனா போதும்."

கேட்கிறவர் செய்ய வேண்டியதும் கொஞ்சம்தான். "சரி மக்கா, எப்ப வேணும்னாலும் போடு." இது போதும். போன் பண்ணினால் "சாப்பிட்டியா இல்லையா" என்று விசாரணை வேண்டாம், "இன்னைக்கு எப்படி இருந்துச்சு" என்று கேளுங்கள். டப்பாக்களைப் பூட்டி வைப்பதும், தட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவதும் ஆளை இன்னும் இருட்டுக்குள் தள்ளும்.

பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லலாம், பலருக்கு அது பெரிய இறக்கிவைப்பு. பழக்கமும் மன நிலையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்பது திருச்சபையின் போதனைதான். அதனால் ஒவ்வொரு வாரமும் சாவான பாவம் செய்துவிட்டதாக நடுங்க வேண்டாம், நற்கருணைக்குப் போகலாமா என்கிற குழப்பத்தை உங்கள் குருவிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சங்கீர்த்தனம் சிகிச்சைக்குப் பதில் ஆகாது. நல்ல குருக்கள் இதை அவர்களே சொல்வார்கள்.

ஏழாம் படி: விருந்து நாட்கள்

கல்யாணம், ஊர்த் திருவிழா, ஓணம், கிறிஸ்துமஸுக்கு டின் நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். விருந்துக்குக் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுப் போகாதீர்கள். போய், எல்லாரோடும் உட்கார்ந்து, பாயசத்தையும் சேர்த்துச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். வற்புறுத்துகிறவரிடம் "வயிறு நிறைஞ்சுட்டு, நல்லா இருந்துச்சு" என்று சொல்லி இலையை மடித்துவிடுங்கள். அபாயம் பந்தியில் குறைவு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பார்சலில்தான் அதிகம். தனியாக இருப்பவர் அதைப் பக்கத்து வீட்டுக்கும் பங்கு வைத்துவிடுங்கள்.

தவறினால்

தவறும். அன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது பல் துலக்கிவிட்டு உறங்குவது. மறுநாள் காலை 8 மணிக்கு வழக்கமான சாப்பாடு, வழக்கமான அளவு. உபவாசம் இல்லை, வாக்கிங்கைக் கூட்டுவது இல்லை. நோட்டில் ஒரு வரி. மைனிக்கு ஒரு மெசேஜ். மறுநாள் காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள்தான் சீக்கிரம் மீள்கிறார்கள் என்பது நான் பக்கத்திலிருந்து பார்த்தது.

டாக்டரிடம் எப்போது

வாரம் ஒரு தடவையாவது 3 மாதமாக நடக்கிறது என்றால் போங்கள். சாப்பிட்டதை விரலை விட்டு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது இருந்தால் 3 மாதம் காத்திருக்க வேண்டாம். உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பையே அது பாதிக்கும். சர்க்கரை நோயாளிகளும் தாமதிக்க வேண்டாம். செத்துப்போகலாம் என்கிற நினைப்பு வந்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே ஆளைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எடுக்கக் கூச்சமாக இருந்தால் முதலில் பொது மருத்துவரைப் பார்த்து அவர் மூலமாகப் போகலாம். இதற்கு நன்றாகப் பலன் தெரிந்த சிகிச்சை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சு வழிச் சிகிச்சை. மேலே சொன்ன நேரத்துச் சாப்பாடும் நோட்டும் அதன் பாகங்கள்தான். தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். குழுவாகப் பேச விரும்புகிறவர்களுக்கு, குடியிலிருந்து மீள்கிறவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளைப் பின்பற்றி, அளவு மீறிச் சாப்பிடுகிறவர்களுக்காக 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் அமைப்பு இருக்கிறது. போனிலும் இணையத்திலும் அவர்களுடைய கூட்டங்கள் நடக்கின்றன.

போகும்போது அந்த நோட்டையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "எனக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை" என்று மட்டும் சொன்னால் எடை குறைக்கும் அறிவுரையோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். "மனசு கஷ்டப்படும்போது, பசி இல்லாமலே, நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறேன், வாரத்தில் இத்தனை தடவை" என்று சொல்லி நோட்டை மேஜையில் திறந்து வையுங்கள்.